மூஞ்சூறு மோந்த பத்துக் கடலை

கடலைக்காட்டை ஒட்டிய ஒரு புளியமரத்துப் பொந்தில் அணில்கள் மழைக்காலத்துக்காக நிலக்கடலை சேர்த்து வைத்திருந்தன. பொந்துக்குக் காவல் வரியன் என்ற அணில்.

மரத்தடி வளையில் ஒரு மூஞ்சூறு குடியிருந்தது. அதற்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை. பூசணம் பிடித்த கடலையில் நஞ்சு ஊறியிருந்தால், உடைத்து மோந்ததுமே சொல்லிவிடும். ஆனால் மரமேறத் தெரியாது. அதனால் குவியலின் மேலிருந்து கொஞ்சம், நடுவிலிருந்து கொஞ்சம், அடியிலிருந்து கொஞ்சம் என்று எடுத்துக் கீழே கொண்டுவருவது வரியனின் வேலை. மூஞ்சூறு நல்லது என்று சொல்லும்வரை எந்த அணிலும் ஒரு பருப்பைக்கூடக் கடிப்பதில்லை.

அந்த ஐப்பசியில் அடைமழை. பொந்தின் வாயை இலை வைத்து அடைக்க வேண்டிய வரியன், சோம்பலில் தூங்கிவிட்டது. தண்ணீர் இறங்கி, அடியில் கிடந்த கடலையெல்லாம் பச்சையாகப் பூசணம் பூத்துவிட்டது. வெளியே தெரிந்தால் மானம் போகும். குவியலையே கொட்டச் சொன்னால் தன் மூன்று குட்டிகளும் பட்டினி கிடக்கும். வரியன் பூசணத்தை வாலால் துடைத்தது. பிறகு மேலாக, பார்வைக்கு நன்றாக இருந்த பத்துக் கடலையைப் பொறுக்கிக்கொண்டு இறங்கியது.

மூஞ்சூறு ஒவ்வொன்றாக உடைத்து மோந்தது. "பத்தும் நல்ல கடலை" என்றது.

கொடுமையைக் கேளுங்கள். அந்தப் பத்தையும் பொறுக்கியது தானே என்பதை வரியன் மறந்தேபோனது. மூஞ்சூறே சொல்லிவிட்டது, இனி என்ன பயம் என்று அடிக்கடலையை அள்ளித் தன் குட்டிகளுக்கு ஊட்டியது. துடைத்தால் போவது பூசணம்தான், நஞ்சு போகாது என்பது அந்த மரமண்டைக்கு எட்டவில்லை.

சில நாளில் குட்டிகளின் கண்கள் மஞ்சள் பூத்தன. கைகால் துவண்டன. ஒன்றன்பின் ஒன்றாக மூன்றும் செத்துப்போயின. மற்ற அணில்கள் பயந்து அந்த மரத்தையே விட்டுப் போய்விட்டன.

வரியன் அழுதுகொண்டு மரத்தடிக்கு ஓடியது. "நல்லதென்று சொன்னாயே, பாவி! என் பிள்ளைகளைக் கொன்றுவிட்டாயே!"

"நீ கொண்டுவந்த பத்துக்குத்தானே அப்பா நான் நல்லது சொன்னேன்? அதில் அடியிலிருந்து எடுத்தது எது?" என்று மூஞ்சூறு கேட்டது.

மேலே பொந்தில் குட்டிகளின் தாய் அழுதுகொண்டிருந்தது.

சோதிப்பவரை ஏமாற்றி வாங்கும் நற்சொல், வாங்கியவர் வீட்டைத்தான் முதலில் அழிக்கும்.