சைபர் போட்ட ஊர்கள்

"அம்மா, கம்ப்யூட்டர் தப்பாக் கூட்டுது" என்றார் காளத்தி.

அம்மா முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"என்ன தப்பு?"

"அஞ்சு ஊருக்கும் சைபர் போட்டிருக்கு. கீழே அந்த அஞ்சுக்கும் மொத்தம்னு பார்த்தா ரெண்டு வருது."

"அஞ்சு சைபரைக் கூட்டினா ரெண்டா?"

"அதான் சொல்றேன்."

"அப்போ சைபருக்குள்ளே என்னமோ இருக்கு. போய்ப் பாருங்க."

தேன்பாறை மலையடிவாரத்தில் இருந்தது அந்த ஆசிரமம். அதை நடத்தி வந்த சிவகாமவல்லிக்கு நாற்பத்தொரு வயது. ஆனாலும் எல்லோருக்கும் அவர் அம்மாதான். காளத்தி அவரைவிட இருபது வயது மூத்தவர். அரசாங்க அலுவலகத்தில் புள்ளிவிவரம் தொகுத்தே ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு, மனம் அடங்க வழி கேட்டு இங்கே வந்தார்.

வந்த அன்று அம்மா அவரைக் கூட்டிப்போய் அலுவலக அறையைக் காட்டினார். அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது.

"தியானம் எப்போ சொல்லித்தருவீங்க?" என்று கேட்டார் காளத்தி.

"முதல்ல இதைத் துடைங்க" என்றார் அம்மா.

மலைமேல் ஒன்பது ஊர்கள். ஆசிரமத்தில் ஒரே ஒரு நர்ஸ், ஜெபமணி. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சர்க்கரை பார்ப்பது, பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பது எல்லாம் அவள்தான். அதுவரை கூப்பிட்ட ஊருக்கும், கட்டு மாற்ற வேண்டிய ஊருக்கும் போய்க்கொண்டிருந்தாள். எந்த ஊருக்கு வாரத்தில் எத்தனை தடவை போக வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தரும்படி அம்மா காளத்தியிடம் கேட்டிருந்தார்.

காளத்தி உற்சாகமாகச் செய்தார். எந்தெந்த ஊரில் எத்தனை நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்றெல்லாம் விசாரித்து எக்ஸெல்லில் ஏற்றினார். அட்டவணை அழகாக வந்தது. அந்த ரெண்டுதான் இடித்தது.

திரும்பிப் போய் ஒரு சைபரின் மேல் மவுஸை வைத்து அழுத்தினார். மேலே இருந்த பட்டையில் உண்மையான எண் தெரிந்தது. புள்ளி நான்கு. அடுத்த ஊர் நெல்லிமுடி, புள்ளி மூன்று. அதற்கடுத்தது மறுபடியும் புள்ளி நான்கு.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று புள்ளிக்குப் பின்னால் வருவதை மறைத்து வைத்தது அவரேதான்.

"கம்ப்யூட்டர் மேல தப்பில்லைம்மா. நான்தான் முழு எண்ணா மாத்தியிருந்தேன். அரைக்குக் கீழே இருந்தா கீழே தள்ளிடும். அதுக்கு மேலேன்னா ஒண்ணாக்கிடும்."

"அந்த அஞ்சு ஊருக்கு யார் போவாங்க?"

"புள்ளி நாலு தடவை மலை ஏற முடியுமாம்மா? பெரிய ஊர் நாலுமே ஆறு நாளையும் எடுத்துக்குது. சின்ன ஊர்கள்ல ரெண்டு பேர், மூணு பேர்தான் நோயாளிங்க. அவங்க இறங்கி வந்துடலாமே."

 அம்மா கீரைக் காம்புகளை அள்ளிக்கொண்டு மாட்டுக்குப் போட எழுந்து போனார்.

மறுக்காததைச் சரி என்று எடுத்துக்கொண்டார் காளத்தி. அட்டவணையை அச்சடித்து ஜெபமணியின் அறைச் சுவரில் ஒட்டினார்.

ஜெபமணி அதை இரண்டு தடவை படித்தாள்.

"நெல்லிமுடிக்கு வேண்டாமா சார்?"

"அவங்க கீழே வரட்டும்மா."

சரி என்று அவள் தலையை ஆட்டினாள்.

சில வாரம் கழித்து நெல்லிமுடியிலிருந்து ஒருவர் வந்தார். நடந்து வரவில்லை. போர்வையில் தூளி கட்டி நான்கு பேர் தூக்கி வந்தார்கள்.

அவர் பெயர் வெள்ளையன். சாமை விதைக்கிறவர். சர்க்கரை நோயாளி. பாதத்தில் புண். ஜெபமணி கட்டைப் பிரித்தபோது அந்த அறையில் நிற்க முடியவில்லை. அம்மா ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

காளத்தி பார்க்கப் போனார். கட்டிலின் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். 

வெள்ளையன்தான் முதலில் பேசினார்.

"நர்ஸம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா சார்?"

"ஏன்?"

"முன்னெல்லாம் தவறாம வந்துடும். கொஞ்ச நாளா காணோம். என்னமோ ஏதோன்னு இருந்துச்சு. கீழே போய்ப் பார்த்துட்டு வாடான்னு மச்சான்கிட்டகூடச் சொன்னேன்."

காளத்தி வாங்கிப்போன ரொட்டியை ஜன்னல் திட்டில் வைத்தார். 

ஆசிரமத்துக்கு வந்ததும் நேரே அம்மாவிடம் போனார்.

"திட்டுங்கம்மா."

"எதுக்கு?"

"நெல்லிமுடிக்குச் சைபர் போட்டது நான்."

"சாப்பிட்டீங்களா?"

"இல்லை."

"போய்ச் சாப்பிடுங்க. மோர்க்குழம்பு இருக்கு."

அவர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். கையைக் கழுவிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். எதுவாக இருந்தாலும் மேலே மட்டுமே தள்ளுகிற ஒரு ஃபார்முலா உண்டு. புள்ளி ஒன்று இருந்தாலும் அதை முழுதாக ஒன்றாக்கிவிடும். அதைப் போட்டார்.

மறுநாள் காலையில் புது அட்டவணையை அம்மாவிடம் நீட்டினார்.

"இனிமே ஒரு ஊருக்கும் சைபர் கிடையாதும்மா."

அம்மா வாங்கிப் பார்த்தார்.

"ஜெபமணிகிட்டே கேட்டீங்களா?"

"அது செய்யும்மா. முடியாதுன்னு ஒரு நாளும் சொன்னதில்லையே."

 அம்மா தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

ஜெபமணி முடியாது என்று சொல்லவில்லை. காலையில் ஓர் ஊர், மத்தியானம் இன்னோர் ஊர் என்று போனாள். வழியில் நடந்துகொண்டே சாப்பிட்டாள். சாயங்காலம் வந்தால் யாரோடும் பேசாமல் போய்ப் படுத்தாள்.

அட்டவணையில் எல்லாக் கட்டங்களும் நிறைந்திருந்தன. காளத்திக்கு நிம்மதியாக இருந்தது. தானாகவே உட்கார்ந்து பார்த்த தியானத்தில்கூட மனம் கொஞ்சம் நின்றது.

ஒரு நாள் மறுபடியும் போர்வைத் தூளி இறங்கி வந்தது. காளத்தி வாசலுக்கு ஓடினார். அதில் ஜெபமணி படுத்திருந்தாள்.

கணுக்கால் வீங்கிக் கறுத்திருந்தது.

"மழை வரும்னு தெரிஞ்சுது சார்" என்றாள். "ஆனா ரெண்டாவது ஊர் பாக்கி இருந்துச்சு. அதான் வேகமா இறங்கினேன். பாறை வழுக்கிடுச்சு."

எலும்பு விரிசல் விட்டிருந்தது. மாவுக்கட்டுப் போட்டுக் காலைத் தரையில் வைக்கவே கூடாது என்றார் டாக்டர்.

அவளால் சும்மா படுத்திருக்க முடியவில்லை. நாற்காலியை வராந்தாவில் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டாள். கீழே இறங்கி வர முடிந்தவர்கள் வந்தார்கள். புண்ணைக் கழுவ ஆள் இல்லை.

"சார், அந்த டப்பாவை எடுங்க" என்றாள் ஜெபமணி.

"நானா?"

"கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க."

 முதல் நாள் ஒரு கிழவி வலியில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"புண்ணைப் பாருங்க சார். பார்க்காமத் துடைச்சா வலிக்கும்" என்றாள் ஜெபமணி.

அவர் பார்த்தார்.

போகப் போக முகத்தைத் திருப்புவது நின்றது. எந்தப் புண்ணுக்கு எந்த மருந்து, கட்டு எவ்வளவு இறுக்கம் என்று பிடிபட்டது. மத்தியானம் கட்டுகள் முடிந்ததும் கம்ப்யூட்டர் அறைக்குப் போய்விடுவார். கதவைச் சாத்திக்கொண்டு எண்களோடு மல்லுக்கட்டுவார்.

வராந்தாவுக்கு வர முடியாதவர்கள் மலையிலேயே இருந்தார்கள். விரல் போன வெள்ளையனும் ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் திரும்பியிருந்தார்.

ஒரு காலை, கையில் ஒரு கத்தைத் தாளோடு காளத்தி வெளியே வந்தார். அம்மா வாசற்படியில் நின்றிருந்தார். ஜெபமணியின் மருந்துப் பை அவர் தோளில் தொங்கியது. சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார்.

"ஒரு நிமிஷம்மா. இதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போங்க."

அம்மா நின்றார்.

"கீழே தள்ளினேன். வெள்ளையன் விரல் போச்சு. மேலே தள்ளினேன். ஜெபமணி கால் போச்சு."

"ம்."

"சரி, வாரக் கணக்கு வேண்டாம், மாசக் கணக்கா மாத்திப் பார்ப்போம்னு பார்த்தேன். புள்ளி நாலு போய் ஒண்ணு புள்ளி ஆறு வருது. அப்பவும் புள்ளி போகலை. ஊர்களைச் சேர்த்துப் பார்த்தேன், பிரிச்சுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் கடைசியில கொஞ்சம் மிச்சம் நிக்குது."

"நிக்கும்."

"நாற்பது வருஷமா இந்த வேலைதான் பண்ணினேன். மிச்சம் எங்கே போகுதுன்னு ஒரு நாளும் யோசிச்சதே இல்லை." கையிலிருந்த தாள்களைப் புரட்டிக் காட்டினார். "மேலேயும் தள்ளக் கூடாது, கீழேயும் தள்ளக் கூடாதுன்னா, அதை நான் எங்கேம்மா தள்ளுவேன்?"

அம்மா தோளிலிருந்த பையைக் கழற்றினார். அவர் கையிலிருந்த தாள்களை வாங்கிக்கொண்டு பையை அவர் தோளில் மாட்டினார். வாரை இழுத்துச் சரிசெய்தார்.

"செருப்பைப் போட்டுக்குங்க" என்றார். "நெல்லிமுடி வழியில முள் ஜாஸ்தி."