கட்டிலோரத்துக் கணப்பு

கோத்தகிரி மலையில் பனி கொட்டிய ஒரு விடியற்காலையில் மாசிலாமணி துறவு பூணப் புறப்பட்டார். மனைவி செண்பகமும் மகளும் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார்கள். எழுப்பினால் அழுது ஊரைக் கூட்டிவிடுவார்கள். துணிமூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு பூனை மாதிரி நழுவி, மேட்டுக் குடிசைச் சாமியாரிடம் வந்து சேர்ந்தார். சாமியார் அவரைவிட வயதில் சின்னவர்தான். இருந்தாலும் ஒரு வருஷமாக அவர்தான் குரு.

"எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டேன் சாமி. இன்னைக்காவது காவி கொடுங்க."

சாமியார் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். "என்ன குளிர்! வீட்டுல தூங்குறாங்களா?"

"நல்லாத் தூங்குறாங்க. குளிர்ல விறைச்சுப் போயிடக் கூடாதேன்னு கணப்புச் சட்டியில கரியை நிறையப் போட்டு, கட்டிலோரமா வெச்சுட்டுத்தான் வந்தேன்."

"ஜன்னல்?"

மாசிலாமணிக்கு ஒன்றும் புரியவில்லை. காவி கேட்டால் ஜன்னலைக் கேட்கிறாரே! பற்று அறுந்ததா என்று ஆழம் பார்க்கிறார் போலிருக்கிறது.

"சாத்திட்டேன். இனி அந்த வீட்டு நினைப்பே எனக்கில்லை சாமி" என்றார், பரீட்சையில் தேறிவிட்ட தெம்போடு.

சாமியார் செருப்புகூடப் போடாமல் சரிவில் ஓடினார். இது எந்த மாதிரி உபதேசம் என்று விளங்காமலே மாசிலாமணியும் பின்னால் ஓடினார். சாமியார் நின்றது மாசிலாமணியின் வீட்டு வாசலில்.

கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அடித்தது. போர்வையின் நுனி கணப்புச் சட்டிக்குள் சரிந்து கருகிக்கொண்டிருந்தது. சாமியார் போர்வையை உருவி, குடத்துத் தண்ணீரைக் கொட்டினார். ஜன்னலைத் திறந்தார். அதே ஈரப் போர்வையால் சட்டியைப் பிடித்து முற்றத்துக்குக் கொண்டுபோனார்.

மாசிலாமணி மகளை உலுக்கினார். அவள் எழவில்லை. வாரித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். குளிர்காற்று பட்டதும் அவள் இருமினாள். அப்புறம்தான் அவருக்கு மூச்சே வந்தது.

செண்பகம் தலையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்தாள்.

"சாமியைக் கூட்டிட்டு வரப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வீடு கிடக்கிற கோலத்தைப் பாருங்க. எனக்குத் தலை வேற சுத்துது."

மாசிலாமணியின் தோளில் துணிமூட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கையிலிருந்த மகள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி இருமினாள்.

"சாமி..." மாசிலாமணி அவர் பக்கம் திரும்பினார். "நான் எல்லாத்தையும் விட்டுட்டுத்தானே வந்தேன்?"

சாமியார் குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரைச் சட்டியில் ஊற்றினார். சீறல் அடங்கும் வரை காத்திருந்தார்.

"ஆமா," என்றார். "எரியற நெருப்பையும் சேர்த்து."