ஒருமுறை தள்ளியவர்

ஒரு சொல்லை எழுதும்போது, அதன் பாரத்தைச் சுமக்கப் போகிறவர் யார் என்று நீங்கள் என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

பரஞ்சோதி அம்மையாரின் மொழிபெயர்ப்புக் கூடத்தில் அன்று பிற்பகல் மூன்று மணி. வெளிநாட்டுச் சிறையிலிருந்த கட்டடத் தொழிலாளி சுடலைமுத்துவின் வாக்குமூலம், நான்கு மணிக்குள் ஆங்கிலத்தில் அனுப்பப்பட வேண்டும். மறுநாள் தீர்ப்பு. அவர் மனைவி பேச்சியம்மாள் வாசலருகே காத்திருந்தார்.

சாரத்திலிருந்து இரும்புக் குழாய் சரிந்தது. கீழே நின்ற சக தொழிலாளியைச் சுடலைமுத்து தள்ளினார். தள்ளப்பட்டவர் கல்லில் விழுந்து இறந்தார். இதுவே வழக்கு.

கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்று, இப்போது அம்மையாரிடம் மாணவராக வந்திருந்த திருவாசகம் தாளை நீட்டினார்.

அம்மையார் படித்தார்.

“‘தள்ளினேன்’ என்று அவர் மூன்று இடங்களில் சொல்கிறார். நீங்கள் முதலில் ‘புஷ்’ என்கிறீர்கள். அடுத்து ‘ஷவ்’. கடைசியில் ‘த்ரோ’. ஏன்?”

“ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நடை கெடும், அம்மா. முப்பது வருடம் வகுப்பில் அதைத்தான் சொன்னேன். மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதானே? என்ன வேறுபாடு?”

அம்மையார் வாசல் பக்கம் திரும்பினார்.

“பேச்சியம்மா, இப்படி வாங்க.”

ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் திருப்பிச் சொல்லி, உரியவரோ அவர் வீட்டாரோ ஒப்புக்கொண்ட பின்பே கையெழுத்திடுவது அக்கூடத்தின் வழக்கம். அவசரத்தில் திருவாசகம் அதை விட்டிருந்தார்.

“நீங்களே சொல்லுங்கள்.”

திருவாசகம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“அவனைத் தள்ளினேன்… முரட்டுத்தனமாக இடித்துத் தள்ளினேன்…” குரல் தாழ்ந்தது. “தூக்கி எறிந்தேன்.”

பேச்சியம்மாள் பதறினார்.

“யாரு, எங்க வீட்டுக்காரவுகளா? கோழிய வெரட்டக்கூட கை ஓங்க மாட்டாகளே! ஒரே ஒரு தடவதான் சார் தள்ளுனாக, நீங்க மூணு தடவ அடிச்ச மாதிரியில்ல சொல்றீக. அதுவும் அந்தப் பையனக் காப்பாத்த. எத்தன தடவடா அடிச்சேன்னு அந்த ஊரு ஜட்ஜு கேட்டா, நீங்களா சார் வந்து பதில் சொல்லுவீக?”

கடிகாரத்தில் மூன்று இருபத்தைந்து.

திருவாசகம் தாளை மறுபடி பார்த்தார்.

“அம்மா, நான்… அழகுக்காகத்தான்…”

“வருந்துவதற்கு நாளை முழுவதும் இருக்கிறது உங்களுக்கு. சிறையில் இருப்பவருக்கு இல்லை. பேனாவை எடுங்கள், ஐயா. அந்தக் கை ஒருமுறை செய்ததை ஒருமுறையாகவே எழுதுங்கள். இன்றே எழுதுங்கள். இப்போதே.”