கிணத்து மோட்டாரோட எர்த் கம்பி

பல்லடத்துல மோட்டாருக்குக் காயில் கட்டற கடை. கடை சிந்தாமணியோடது. வயசு முப்பத்திரெண்டு. அவகிட்டத் தொழில் கத்துக்கிற நாச்சிமுத்துக்கு நாப்பத்தாறு. மில்லை மூடினப்புறம் வந்து சேர்ந்தவரு. அவ அவரை அண்ணாம்பா. அவரு அவளை அம்மணிம்பாரு.

மொத நாளே காப்பர், பித்தளை, ஸ்டீல்னு மூணு கம்பியை ஒரே அடுப்புல வச்சு, மறுநுனியைப் பிடிக்கச் சொன்னா. அவரு காப்பரைத்தான் மொதல்ல கீழ போட்டாரு. விரல்ல தழும்பு இன்னும் இருக்கு.

"கரண்டுக்கும் கிட்டத்தட்ட இதே வரிசைதாங்ணா"ன்னா.

வெள்ளி, காப்பர், அலுமினியம், பித்தளை, இரும்பு, கடைசியில ஸ்டீல். கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் ஒப்பிச்சுக் காட்டுவாரு.

போன புதன்கிழமை, கடைக்கு வேலை குடுக்கற தோட்டக்காரரு ராக்கியண்ணன் செத்துட்டாரு. ஈரக்காலோட தோட்டத்துக் கிணத்து மோட்டாரைத் தொட்டாரு, கரண்டு அடிச்சிருச்சு, அவ்வளவுதான். சுவிட்சைப் போட்டது அவரு மகன் தருண்.

கசியற கரண்டை மண்ணுக்கு எறக்க அந்த மோட்டாருக்கு எர்த் கம்பி இழுத்தது நாச்சிமுத்து. தனியா போய்ச் செஞ்ச மொத வேலை.

சனிக்கிழமை சிந்தாமணி தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துட்டு வந்தா. பையிலிருந்து, அந்த எர்த் கம்பியில வெட்டின ஒரு சாண் கம்பித்துண்டை எடுத்து மேசை மேல வச்சா. நடுவுல கறுப்பு டேப் சுத்தியிருந்துச்சு.

நாச்சிமுத்து அதைப் பார்த்தாரு. அவரு சுத்தின டேப்தான்.

"காப்பர் பத்தலைங் அம்மணி. மிச்சத்துக்கு அலுமினியம் கெடந்துச்சு. ரெண்டும் நல்லாக் கடத்தும்னு நீதான சொன்ன?"

"சொன்னேன்."

"அப்புறம் எப்படி?"

அவ பேட்டரியையும் சின்ன பல்பையும் எடுத்தா. காப்பர் துண்டை நடுவுல வச்சா. எரிஞ்சுது. அலுமினியத்தை வச்சா. எரிஞ்சுது. டீ கலக்கற ஸ்டீல் ஸ்பூனை வச்சா.

"இதுகூட எரியுதுங்ணா. பாருங்க, உங்க வரிசையில கடைசி ஆளு."

அப்புறம் அந்தக் கம்பித்துண்டை வச்சா.

எரியல.

டேப்பைப் பிரிச்சா. காப்பரும் அலுமினியமும் முறுக்கின இடத்துல சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா பூத்திருந்துச்சு. தொட்டதும் உதிர்ந்துச்சு.

"ரெண்டும் சேர்ற இடத்துல தண்ணி பட்டா அலுமினியம் அரிச்சுப் போயிரும். நடுவுல லக்குன்னு ஈயம் பூசின இணைப்புக் குழல் ஒண்ணை வச்சு அடிச்சிருக்கோணும். நானும் சொல்லித் தரல."

நாச்சிமுத்து அந்தப் பொடியை விரல்ல தொட்டுத் தேய்ச்சாரு.

"அம்மணி, அந்த வரிசையில மனுசன் எங்க வருவான்?"

"ஸ்டீலுக்கும் ரொம்பக் கீழ. கரண்டு அவன் வரைக்கும் போயிருக்கவே வேண்டாம், மண்ணுக்கு நடுவுல நல்ல கம்பி ஒண்ணு இருந்திருந்தா."

வெளிய ஒரு லாரி ஆரன் அடிச்சுட்டுப் போச்சு.

"அந்தப் பையன் தருண் என்ன பண்றான் அம்மணி?"

"அப்பன் கை வச்சிருக்கிறது தெரியாம சுவிட்சைப் போட்டுட்டேன்னு சொல்லிட்டே இருக்கான். மூணு நாளா தண்ணிகூடக் குடிக்கல. அவங்கம்மா அவன் மூஞ்சியைப் பார்க்கறதில்ல."

"நீ சொல்லிட்டயா, இதை?"

"இல்லைங்."

"டேப்பு மேலாப்புல நல்லாத்தான இருந்துச்சு." அவரு குரல் இறங்கிப் போச்சு. "நாம சொல்லலீன்னா யாருக்குங் அம்மணி தெரியப் போகுது?"

சிந்தாமணி பேட்டரியை உள்ள வச்சா. ஷட்டரைப் பாதி இறக்கினா. வண்டிச் சாவியை எடுத்தா. கம்பித்துண்டை எடுத்து அவரு கையில, அந்தத் தழும்பு விரல் மேலயே வச்சு மூடினா.

"கடை என் பேர்ல இருக்குது, நானும் வர்றேன். அவங்க வீட்டுக்கு வண்டிய நான் ஓட்டறேன். ஆனா அந்தப் பையனுக்கும் இந்தத் துண்டுக்கும் நடுவுல இப்ப நீங்க மட்டுந்தாங்ணா இருக்கீங்க."