இசக்கிராஜின் வெளிச்சப் பாம்பு

திருநெல்வேலியில் ஒரு பஸ் டெப்போ ஓய்வறை. அங்கே டிரைவர், கண்டக்டர்கள் ஆடும் பரமபத அட்டையை எலி பாதிக்கு மேல் தின்றுவிட்டது. எல்லாரும் வருத்தமாக உட்கார்ந்திருந்தபோது கண்டக்டர் இசக்கிராஜ் வாயை விட்டான்.

"அட்டை எதுக்கு? ஒரு செருப்பு டப்பா, ஒரு பூதக்கண்ணாடி, என் பழைய போன். இது போதும். மேல இருந்து வெளிச்சத்தாலயே கட்டத்தை மேசையில விழ வைக்கேன். திங்கக்கிழமை பாருங்க."

ஞாயிறு முழுக்க வெட்டினான், ஒட்டினான், ஃபேன் கொக்கியில் கட்டித் தொங்கவிட்டான். மேசையில் விழுந்தது தோசை அகலத்துக்கு ஒரு பச்சைக் கறை. எது ஏணி, எது பாம்பு என்று செய்தவனுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை மதியம் வெறுங்கையோடு உள்ளே வந்தான். எட்டு வருஷமாக அவன் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள். இன்றைக்கு அவனையே பார்த்துச் சிரிக்கப்போகிறார்கள்.

"எங்கவே மெஷினு?" என்றார் டிரைவர் கொம்பையா.

"வீட்டுல இருக்கு அண்ணாச்சி. இங்க கொண்டாந்தா ஆபத்து."

"ஏன், படம் தெரியலையோ?"

அந்த 'தெரியலையோ' இசக்கிராஜைச் சுருக்கென்று குத்தியது.

"தெரியலையாவா? ஏணி விழுந்த தெளிவுல, எம் பொண்டாட்டி அதுல ஏறிப் பரண்ல இருந்த இட்லிக் கொப்பரையை இறக்கிட்டா!"

கண்டக்டர் செண்பகவல்லி சோற்று டப்பாவைத் திறந்தபடியே கேட்டாள். "வெளிச்சத்துலயா மதினி ஏறுனாவ?"

"செருப்பைக் கழத்திட்டுத்தான் ஏறினா. வழுக்கும்லா. அது கெடக்கட்டும், பாம்பு கதையைக் கேளு. தொண்ணூத்தெட்டாம் கட்டத்துல வாயைப் பொளந்துக்கிட்டு நெளியுது. சன்னல் வழியா ஒரு கீரி பாஞ்சு வந்து அதோட வாலைக் கடிச்சுட்டு!"

"கடிச்சு?"

"கடிச்ச வெளிச்சம் வயித்துக்குள்ள போயிட்டு. கீரி இப்ப டியூப்லைட் மாதிரி எரியுது. நேத்து எங்க தெருவுல கரண்டு போன நேரம், அதை மதில்ல உக்கார வச்சுத்தான் எல்லாரும் சமைச்சாவ."

செண்பகவல்லிக்குப் புரையேறியது. "அண்ணே, மெஷின் எங்கன்னுதானே கேட்டோம்?"

"அதுக்குத்தான் வாரேன். வால் போன கோவத்துல பாம்பு என்னை முழுங்கிட்டு. கையில மெஷினோட உள்ள போனேன். சறுக்கிச் சறுக்கி வந்து விழுந்தா, ஏழாம் நம்பர் கட்டம்! மெஷின் மட்டும் அது வயித்துலயே தங்கிட்டு."

"பாம்பு முழுங்கின சட்டையா இது? மடிப்புக் கலையலையே?" என்றார் கொம்பையா.

"உள்ள சூடு அண்ணாச்சி. இஸ்திரி போட்டாப்புல ஆயிட்டு."

"சரி, பாம்பு இப்ப எங்க?"

இசக்கிராஜ் சன்னல் பக்கம் கையை நீட்டினான். "ஏணியில ஏறி மேல போயிட்டு. நேத்து சாயங்காலம் மேக்க பளிச்பளிச்சுன்னு வெட்டிச்சே, பாக்கலையா?" என்றான்.

"அது மின்னலு அண்ணே!"

"அப்படித்தான் எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருக்காவ."

செண்பகவல்லி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். இசக்கிராஜின் காது மடல் சூடாகியது. மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தான்.

கொம்பையா எழுந்தார். டூட்டிப் பலகையடியில் கிடந்த சாக்பீஸை எடுத்துவந்து, மேசையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுத்தார். பொறுமையாக நூறு கட்டம். அஞ்சாறு ஏணி. பிறகு கையைத் தட்டிவிட்டு, இசக்கிராஜுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காரும். பாம்பு மட்டும் நான் வரையலை. ஒம்ம பாம்பைக் கூப்பிடும், வந்து படுக்கட்டும்."

எல்லார் கண்ணும் இசக்கிராஜ் மேல். அவன் நிதானமாக உட்கார்ந்து பகடையைக் கையில் எடுத்துக் குலுக்கினான்.

"அதுக்கு இன்னைக்கு வீக் ஆஃப் அண்ணாச்சி."