பாட்டனார் கொட்டிய கூடை

முன்னொரு காலத்தில் மலைக்குக் கிழக்கே ஒரு நாட்டை விசயமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. அவன் ஒன்று சொல்லிவிட்டால் யாரும் மறுத்துப் பேசக்கூடாது, அவ்வளவுதான். சிற்றூர்களைச் சுற்றிப் பார்ப்பதில் அவனுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் தேர் சேற்றில் புதையும் என்று கோடையில் மட்டுமே கிளம்புவான்.

ஒரு பங்குனியில் பெருங்கரை என்ற பழைய ஊருக்குப் போனான். ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. கூடப் போன அரண்மனை அதிகாரி சேனாவரையர், மந்திரி நல்லசிவத்தின் செல்வாக்கைக் கண்டு வயிறெரிகிறவர். தம் பெருமையைக் காட்ட இதுதான் சமயம் என்று, வீணாய்க் கிடக்கும் இந்தக் கட்டாந்தரையில் ஒரு கோடை மாளிகை கட்டலாமே என்றார். ராஜாவும் "கட்டு" என்றுவிட்டான்.

ஊர் வயல் அத்தனையும் அந்த ஏரியை நம்பித்தான் இருந்தன. ஊரார் எல்லோரும் மந்திரியைப் பார்க்க, அவரோ நல்ல யோசனை என்று தலையாட்டினார். அன்றைக்கு ஊரே அவரை மனசுக்குள் வைதது. நானாக இருந்தாலும் வைதிருப்பேன்.

ராஜாவுக்குப் பசித்தது. ஏரியில் தூர்வாருகிறவர்களுக்குச் சோறாக்கும் வீராயி, பானையை மூடிவிட்டுச் சொன்னாள்:

"எங்க ஊர் வழக்கம் ஒண்ணு இருக்கு மகாராசா. தூர்வாருற நாள்ல யார் வந்தாலும் ஒரு கூடை மண்ணைக் கரையில கொட்டிட்டுத்தான் சோத்துல கை வைக்கணும். கொட்டுன இடம் அவுங்க பொறுப்பு. மழைக்காலத்துல வந்து கரை உடையாமப் பாத்துக்கணும்."

சேனாவரையர் முகத்தைச் சுளித்தார். "தங்களால் முடியாதென்றால் விட்டுவிடலாம், வேந்தே" என்றார் மந்திரி.

அது போதாதா? ராஜா கூடையைத் தூக்கிவிட்டான். மழைக்கு வருவதாக வாக்கும் கொடுத்தான். சேனாவரையர் மட்டும் பட்டினி கிடந்தார்.

கிளம்பும்போது மந்திரி மெல்லச் சொன்னார். ஐப்பசியில் எப்படியும் வரப்போகிறீர்கள், அஸ்திவாரக் கல்லையும் அப்போது உங்கள் கையாலேயே வைக்கலாமே என்றார். ஐப்பசியைப் பற்றி சேனாவரையருக்குத் தெரிந்ததெல்லாம் குடை பிடிக்க ஆள் வரும் என்பதுதான். அவரும் சந்தோஷமாகச் சம்மதித்தார்.

ஐப்பசி வந்தது. ஊர் எல்லையிலேயே தேர் சேற்றில் சிக்கியது. ராஜா நனைந்துகொண்டே நடந்து கரையேறினான். எதிரே கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். பின்னால் வண்டி வண்டியாகக் கல்லோடு சேனாவரையர்.

"கல்லை எங்கே வைக்கலாம், சேனாவரையரே?" என்று கேட்டான்.

ராஜா மந்திரியிடம் திரும்பினான். "அன்றே சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் கேட்டிருப்பீர்களா, வேந்தே?"

"கேட்டிருக்க மாட்டேன்" என்றான் ராஜா. இனிமேல் என்னை மறுத்துப் பேச உமக்கு உரிமை உண்டு என்று அங்கேயே சொன்னான். கல்லையெல்லாம் கரைக்கு அணையாகப் போடச் சொன்னான். சுமப்பது சேனாவரையர், சாப்பாடு அதற்கப்புறம்.

பிறகு தான் மண் கொட்டிய இடத்துக்குப் போனான். பக்கத்து இடத்தில் ஒரு குடியானவன் மண்வெட்டியோடு மழையில் நின்றான். அது யார் இடம் என்று ராஜா கேட்டான்.

"ஒங்க பாட்டனார் இடம் மகாராசா" என்றாள் வீராயி. "அவரு மழைக்கு மழை வந்து நின்னாரு. அப்புறம் ஒங்க வீட்டுலேர்ந்து யாரும் வரல. நாங்கதான் மாத்தி மாத்தி நிக்கிறோம்."

ராஜாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த மண்வெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு குடியானவனை வீட்டுக்கு அனுப்பினான். வீராயி சோறு கொண்டுவந்தாள்.

"மழை விடட்டும், அம்மா" என்றான்.