வாய் திறக்காத கிளி

தொலைக்காட்சியில் சிறுவர் நிகழ்ச்சி நடத்தும் தேவசகாயத்துக்கு, மேசைமேல் நிற்கும் பொம்மைக் கிளிக்கு விழும் கைதட்டல் பொறுக்கவில்லை. மேசைக்கு அடியில் படுத்துக் கையை உயர்த்திக் கிளியை ஆட்டுபவள் செண்பகவல்லி.

“இன்னிக்குக் கிளி வாயே திறக்கக் கூடாதும்மா. ஆனா பிள்ளைங்க சிரிக்கணும். சிரிக்கலேன்னா நாளையிலேருந்து வேற ஆளு.”

“சரிங்க சார்.”

நிகழ்ச்சி நேரலையில் தொடங்கியது. “மாமாவுக்கு எல்லாக் கதையும் மனப்பாடம்!” என்று பெருமையடித்த தேவசகாயம், கேமரா பக்கத்தில் ஒருவர் பிடித்திருந்த அட்டையைப் பார்த்துக் கதை சொன்னார். கிளி மெல்ல அந்த அட்டைப் பக்கம் திரும்பியது. மூக்கை இடமிருந்து வலமாக நகர்த்தி, வரி வரியாக அதுவும் படித்தது. அட்டை மாறும்வரை அவரோடு சேர்ந்து காத்திருந்தது. அரங்கில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் திரும்பி அட்டையைப் பார்த்தார்கள். அரங்கமே சிரித்தது.

காதெல்லாம் சூடேற, தேவசகாயம் மேசைக்கு அடியில் குனிந்தார். “என்னம்மா இது?”

“வாயைத் திறக்கவே இல்லையே சார்.”

அவள் தலைமாட்டில் இருந்த சின்னத் திரையில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. அதில் அவருடைய பின்புறமே பெரிதாகத் தெரிந்தது. மேலே நின்ற கிளி, பார்க்கக் கூசியதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

தேவசகாயத்துக்கு எழுந்திருக்கத் துணிவு வரவில்லை.